துப்பாக்கி: தோளிலா, மடியிலா?



சென்ற மாதக் கூட்டம் கலைந்தபின் தேநீர் மேசையில் எழுந்த பேச்சு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பக்கத்து ஊர் ஒன்றில் நம்மவர் ஒருவரின் கடையில், இரவு கணக்கு முடிக்கும் வேளையில் இருவர் புகுந்து, கத்தியைக் காட்டிக் கல்லாவை வழித்துக்கொண்டு போனதைப் பற்றிய பேச்சு அது.

"லைசென்சு எடுத்து ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன? வைத்தால் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். நகைக்கடை வாசலில் ஜாகா துப்பாக்கியோடு நிற்கிறானே, அந்த மாதிரி. பார்த்தவன் கிட்டே வரமாட்டான்" என்றார் ஒரு ஹாஜியார்.

அவருடைய மருமகப்பிள்ளை ஒப்பவில்லை. "மாமா, காட்டி வைத்தால் திருடன் முதலில் அதைத்தான் பிடுங்குவான். மடியில் மறைத்து வைக்க வேண்டும். யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று தெரியாவிட்டால்தான் அவனுக்குப் பயம்" என்றார்.

இஷாவுக்குப் பாங்கு சொல்லும் வரையில் வாதம் ஓயவில்லை. நம் அபிப்பிராயத்தையும் கேட்டார்கள். நாம் அன்று வாய் திறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்வோம். நாம் ஓதியது மதரஸாவில், படித்தது ஆரம்பப் பள்ளியில். சட்டம் படித்தவர்கள் அல்லர். ஆயினும் கடைவீதியில் ஆயுதம் இருக்கலாமா, இருந்தால் எப்படி இருக்க வேண்டும் என்பது வக்கீல்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. தராசு பிடிப்பவர்களுக்கும் உரிய கேள்வி. ஆகவே தோன்றியதைப் பணிவுடன் எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வாதம் நம் தேநீர் மேசையில் பிறந்ததன்று. அமெரிக்க நாட்டில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. 1813-ஆம் ஆண்டில் கென்டக்கி, லூசியானா என்னும் இரு மாநிலங்கள், ஆயுதத்தை உடையில் மறைத்துக்கொண்டு நடமாடுவதைக் குற்றமாக்கின. வெளிப்படையாகத் தாங்கிச் செல்வதற்குத் தடையில்லை. அக்காலத்து நீதிபதிகள் சிலர் சொன்ன நியாயம் யாதெனில், நேர்மையானவன் தன் ஆயுதத்தை நாலு பேர் காண வைத்துக்கொள்வான். மறைப்பவன் மனத்தில் வஞ்சம் இருக்கிறது என்பதே.

இன்று அங்குள்ள பலர் நினைப்பது இதற்கு நேர் எதிர். கடைத்தெருவில் துப்பாக்கியைத் தொங்கவிட்டு நடப்பவன் ஜனங்களைக் கலவரப்படுத்துகிறான். மரியாதை தெரிந்தவன் மறைத்து வைத்துக்கொள்வான் என்கிறார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் 2016 ஜனவரி முதல், லைசென்சு உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படியும் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது இந்த வாதம் மறுபடியும் மூண்டது. தற்காப்புக்குத் தனிப்பட்ட அவசியம் உண்டென்று காட்டினால்தான் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல லைசென்சு என்றிருந்த நியூயார்க் மாநிலத்தின் பழைய நிபந்தனையை, 2022 ஜூன் மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்தது.

இவற்றுக்கு நடுவே நடந்த ஒரு சம்பவம் நம் சிந்தனைக்குரியது. கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு காலத்தில் துப்பாக்கியைப் பகிரங்கமாகத் தாங்கிச் செல்லலாம். வெள்ளையர் தாங்கிச் சென்ற வரையில் அது ஆண்மை என்று கருதப்பட்டது. கறுப்புச் சிறுத்தைகள் கட்சியைச் சேர்ந்த கறுப்பின வாலிபர்கள் அதே சட்டத்தின் கீழ் அதே மாதிரி துப்பாக்கியைத் தாங்கி, 1967 மே 2-ஆம் தேதி சாக்ரமெண்டோ நகரின் சட்டசபைக் கட்டிடத்துக்குள் நடந்தார்கள். அந்த ஆண்டிலேயே, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் தாங்கக் கூடாது என்று சட்டம் பிறந்துவிட்டது! ஆகவே, பகிரங்கம் நேர்மை, மறைவு வஞ்சம் என்பதெல்லாம் துப்பாக்கியைப் பார்த்துச் சொன்ன நியாயமன்று. அதைத் தாங்கிய ஆளைப் பார்த்துச் சொன்ன நியாயம் என்பது விளங்குகிறது.

அமெரிக்கா இருக்கட்டும். நம் பேராக் மாநிலத்துக்கு வருவோம். இந்த மண் அந்தப் பாடத்தை நம் பாட்டன்மார் காலத்திலேயே படித்தது.

1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பகுதியில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையொட்டி அவசர காலம் பிறந்தது. 1960 ஜூலை 31 வரையில் பன்னிரண்டு ஆண்டுகள் அது நீடித்தது. காட்டில் இருந்தவர்களின் தலைவரான சின் பெங் நம் சித்தியவானில் 1924-இல் பிறந்தவர். அவர் குடும்பம் இவ்வூரில் சைக்கிள் கடை வைத்திருந்தது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். 1948-ஆம் ஆண்டிலேயே, அனுமதியின்றித் துப்பாக்கி தாங்கினால் மரண தண்டனை என்று ஆங்கில சர்க்கார் விதி செய்தது.

அந்த விதியில் அகப்பட்டவர்களில் ஒருவர் தமிழர். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, சிறுவயதிலேயே மலாயா வந்து, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த எஸ். ஏ. கணபதி அவர். ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததாக 1949 மார்ச்சில் ரவாங் அருகே பிடிபட்டார். போலீஸில் ஒப்படைக்கவே அதை எடுத்துச் சென்றார் என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது. கோர்ட்டு ஏற்கவில்லை. இந்திய சர்க்கார் அவருக்காகப் பரிந்து பேசியும் பயனில்லை. 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

கணபதியின் அரசியலுக்கு நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. நாம் கவனிக்கச் சொல்வது வேறு. அவர் அந்த ரிவால்வரைச் சுடவில்லை. எவர் நெஞ்சுக்கும் நேரே நீட்டியதாக வழக்கில்லை. அது அவரிடம் இருந்தது, அவ்வளவே. ஒப்படைக்க எடுத்துப் போகிறவன் மடியிலும் துப்பாக்கி மறைந்தே இருக்கும். சுட எடுத்துப் போகிறவன் மடியிலும் மறைந்தே இருக்கும். எந்த எண்ணத்தோடு மறைத்தான் என்பதற்கு அவனையன்றி வேறு சாட்சி இல்லை. மறைத்த ஆயுதத்தின் முதல் தீமை இதுவே: அது பிறருக்குச் சந்தேகத்தையும், வைத்திருப்பவனுக்குச் சாட்சியில்லாத நிலையையும் உண்டாக்குகிறது.

அதே ஆண்டுகளில் தோட்டத் துரைமார் இடுப்பில் துப்பாக்கியைத் தொங்கவிட்டே வெளியே போனார்கள். கம்பங்களில் ஊர்க்காவல் படையினர் தோளில் துப்பாக்கியுடன் காவல் நின்றார்கள். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்களைக் காக்கவே 1952-இல் தனியாக ஒரு காவற்படை எழுந்தது. அவையெல்லாம் சட்டத்துக்கு உட்பட்ட, பகிரங்கமான துப்பாக்கிகள். அப்படியானால் அவை ஜனங்களுக்கு நிம்மதியைத் தந்தனவா?

இதற்கு விடையை நம் பாட்டனார் வாயால் கேட்டிருக்கிறோம். ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு தோட்டத்தை அடுத்து அவர் சில்லறைக் கடை நடத்திய காலம் அது. காட்டுக்கு உணவு போகக் கூடாதென்று, டின்களில் அடைத்த சாமான்களைக் கடைக்காரரே துளையிட்டு விற்க வேண்டும் என்ற கட்டளை வந்தது. வாங்குகிறவர் கண்ணெதிரே பால் டின்னில் ஆணியை வைத்து அடித்துக் கொடுப்பாராம். பகலில் தோளில் துப்பாக்கியோடு ஒருவர் வந்து சாமான் கேட்பார். விலையைப் பற்றிப் பேச நா எழாது. பொழுது சாய்ந்தால் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு ஒருவர் வருவார். அந்தச் சட்டைக்குள் என்ன இருக்கிறதோ என்று கை நடுங்கும். "அந்த வருஷங்களில் நான் தராசு முள்ளைப் பார்த்து நிறுக்கவில்லை, ஆள் இடுப்பைப் பார்த்து நிறுத்தேன்" என்பார் பாட்டனார்.

சகோதரர்களே, ஒரு வியாபாரி இதைவிட வேதனையான வார்த்தை சொல்ல முடியுமா? வெளியே தெரிந்த துப்பாக்கிக்குப் பயந்து கூடுதலாக நிறுத்தார். மறைந்திருந்த துப்பாக்கியைச் சந்தேகித்தும் கூடுதலாக நிறுத்தார். மடியில் ஒன்றுமே இல்லாத ஏழைப் பால்மரத் தொழிலாளிக்கு மட்டும் சரியாக நிறுத்தார். அதற்காக அவர் மவுத்தாகும் வரையில் தௌபா செய்துவந்தார் என்பதை நாம் அறிவோம். அளவையில் நீதி தவறுவதைக் குர்ஆன் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க. இன்றைய மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது? இரு கதவுகளையும் அநேகமாகச் சாத்திவிட்டது. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்சு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க முடியாது. 1971-ஆம் ஆண்டில் வந்த, துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் சட்டப்படி, முறைகேடாக வைத்திருப்பவருக்கு 14 ஆண்டுகள் வரை சிறை. அத்துடன் குறைந்தது 6 பிரம்படி. கொள்ளை போன்ற குற்றங்களில் ஒருவரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு சுட்டால், குண்டு எவர்மேலும் படாவிட்டாலும், மரண தண்டனை ஒன்றே என்றிருந்தது. 2023 ஜூலை 4 முதல் அந்தக் கட்டாயம் நீங்கி, அதற்குப் பதிலாக 30 முதல் 40 ஆண்டுகள் வரை சிறை விதிக்கவும் நீதிபதிக்கு இடமுண்டு. தற்காப்புக்கென்று லைசென்சு கேட்க வழி இருக்கிறது. கொடுப்பதும் மறுப்பதும் மாநிலப் போலீஸ் தலைவரின் கையில்.

ஹாஜியார் இங்கே ஒரு கேள்வி கேட்பார், நியாயமான கேள்விதான். "தன் பொருளைக் காக்கும்போது கொல்லப்படுபவர் ஷஹீத் என்று ஹதீஸ் இருக்கிறதே! திருடன் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறீரா?"

அந்த ஹதீஸை நாம் தலைமேல் வைத்து ஏற்கிறோம். தற்காப்பு உரிமையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அது திருடன் வந்த நாளைப் பற்றியது. நாம் கேட்பதோ திருடன் வராத மற்ற நாட்களைப் பற்றியது. பத்து வருஷத்தில் ஒரு நாள் திருடன் வருகிறான். மற்ற நாளெல்லாம் வருபவர்கள் உப்புக்கும் புளிக்கும் வருகிற அண்டை வீட்டார். அந்த ஒரு நாளுக்காக வைத்த ஆயுதம் இத்தனை நாளும் இவர்கள் மத்தியில் எப்படி இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

இதற்கும் நம் மார்க்கத்தில் வழிகாட்டுதல் உண்டு. மதரஸாவில் ஓதியபோது நாம் அதன் பொருளை உணரவில்லை; கடை வைத்தபின் உணர்ந்தோம். அம்புகளுடன் பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ நடப்பவர், அவை எவர்மேலும் பட்டுவிடாதபடி அவற்றின் கூர்முனையைத் தம் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. உருவிய வாளை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குக் கொடுப்பதையும் அவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

கடைவீதி என்று சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அம்பை எல்லாரும் காணத் தூக்கிப் பிடி என்றும் சொல்லவில்லை. உடைக்குள் ஒளித்துக்கொள் என்றும் சொல்லவில்லை. கூர்முனையை உன் உள்ளங்கையில் வை என்பதே போதனை. கூட்டத்தில் எவராவது இடித்தால் யார் கை கிழியும்? சுமப்பவன் கைதான் கிழியும். ஆயுதத்தால் உண்டாகும் அபாயம் வழிப்போக்கன்மேல் விழாமல், சுமப்பவன்மேலேயே விழ வேண்டும் என்பதே அதன் தத்துவம் என்று நாம் விளங்கிக்கொள்கிறோம்.

அத்துடன் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு நேர்ந்ததையும் நினைத்துப் பார்க்கலாம். ஹஜ்ஜின்போது மினாவில் ஈட்டி முனை ஒன்று அவர்கள் பாதத்தில் தைத்துவிட்டது. ஆளுநர் ஹஜ்ஜாஜ் நலம் விசாரிக்க வந்து, இதைச் செய்தவன் யார் என்று தெரிந்தால் தண்டிப்பேன் என்ற கருத்தில் பேசினார். இப்னு உமர் அவர்களோ, ஆயுதம் எடுத்து வரக் கூடாத நாளில், எடுத்து வரக் கூடாத இடத்தில் அதை அனுமதித்த நீரே இதைச் செய்தவர் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். ஈட்டி பிடித்தவன் எவனோ. கூட்டத்துக்குள் ஆயுதத்தை வரவிட்டவரே பொறுப்பாளி!

இந்த அளவுகோலை வைத்து இரு தரப்பையும் நிறுத்துப் பார்ப்போம். தோளில் தெரியும் துப்பாக்கி தன் பாரத்தைப் பிறர் கண்மேல் ஏற்றுகிறது. அதற்குப் பெயர் பயம். மடியில் மறையும் துப்பாக்கி தன் பாரத்தைப் பிறர் மனத்தின்மேல் ஏற்றுகிறது. அதற்குப் பெயர் சந்தேகம். இரண்டிலும் சுமப்பவன் நிம்மதியாக நடக்கிறான், சுமை வேறொருவனுக்கு. ஆகவே மாமாவும் மருமகனும் வாதாடியது இடத்தைப் பற்றித்தான். கேட்க வேண்டிய கேள்வி, கூர்முனை யார் கையில் இருக்கிறது என்பது.

உண்மையிலேயே உயிருக்கு ஆபத்து உள்ளவர்கள் சிலர் இருக்கலாம். பெருந்தொகையை ஊர்விட்டு ஊர் கொண்டு போகிறவர்களும் இருக்கலாம். அவர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் வழி, கூர்முனையைக் கையில் பிடிக்கும் வழிக்குச் சற்று நெருங்கியதே. பெயர், எண், தோட்டாக் கணக்கு யாவும் சர்க்கார் பதிவில் ஏற வேண்டும். தவறினால் லைசென்சு போகும், மானம் போகும், சிறையும் உண்டு. பதிவேட்டுக்குப் பகிரங்கம், கடைவீதிக்கு அடக்கம், தவறினால் தண்டனை வைத்திருப்பவனுக்கு. அந்த விலையைக் கொடுக்கத் துணிந்தவர் மட்டும் அதைப் பற்றி யோசிக்கட்டும். லைசென்சு இல்லாமல் எவரிடமோ வாங்கி அலமாரியில் வைக்கலாம் என்று பேசுகிறவர் இருந்தால், அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

இனி, அன்று நாம் வாய் திறவாத காரணத்தைச் சொல்கிறோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நமது கடையிலும் கல்லா ஒருமுறை களவு போயிற்று. கடை வாசலில் தேங்காய்க் குவியலருகே ஒரு பாராங் கிடக்கும். தேங்காய் உரிக்கவும் உடைக்கவும் உள்ளது. வருகிற போகிறவர், குழந்தைகள் உட்பட, யாவரும் அதைக் காண்பர், ஒருவரும் பயந்ததில்லை. களவுக்குப்பின் நாம் அதைத் தீட்டி, கல்லாப் பெட்டிக்குக் கீழே பழைய சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டோம். பாராங் அதேதான். வாசலில் கிடந்தபோது அது கருவி. மேசைக்குக் கீழே போனதும் ஆயுதம். வருகிற முகத்தையெல்லாம் எடைபோட்டுப் பார்க்கும் பழக்கமும் அன்றே நமக்கு வந்துவிட்டது.

நவம்பர் மாதத்து மழை இரவு ஒன்று. மின்சாரம் நின்றுவிட்டது. ஒற்றை விளக்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தோம். மழைக்கோட்டும் தலைக்கவசமுமாக ஒருவர் உள்ளே நுழைந்தார். முகம் தெரியவில்லை. வலது கை கோட்டுக்குள் போயிற்று. நமது கை கீழே போயிற்று. கோட்டிலிருந்து அவர் கை வெளிவருமுன் நமது பாராங் மேசைக்கு மேலே வந்துவிட்டது.

அவர் அசையவில்லை. பிறகு மெள்ள, மிக மெள்ள, பிளாஸ்டிக் பையில் சுற்றிய பற்று நோட்டையும் பணத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தார். "பாய், நான்தான். கணக்கு கட்ட வந்தேன்" என்றார். நனையாமல் இருக்கவே நோட்டை நெஞ்சோடு வைத்திருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். சிறுபையனாகத் தாயின் கையைப் பிடித்து நம் கடைக்கு வந்த நாள் முதல் நமக்குத் தெரிந்தவர்.

நாம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை பாய்" என்று மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் அவர் வீட்டார் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அவர் வீட்டுக்கே சென்று மறுபடியும் மன்னிப்புக் கேட்டோம். தேநீர் கொடுத்து உபசரித்தார். பழையபடி வரவும் தொடங்கினார். ஆனால் இன்றளவும், எவ்வளவு மழை கொட்டினாலும், வாசலிலேயே தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளும் தெரியும்படி வைத்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார். நாம் சொல்லிப் பார்த்துவிட்டோம். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

மறைத்து வைத்தது நாம்; வெளியே காட்டியதும் நாம். இரண்டையும் ஒரே இரவில் செய்து பார்த்துவிட்டோம். கூர்முனை மட்டும் அவர் பக்கம் இருந்தது. களவு போன பணம் ஆறு மாதத்தில் ஈடாகிவிட்டது. இது இன்னும் ஈடாகவில்லை.

பாராங் மறுநாளே தேங்காய்க் குவியலுக்குத் திரும்பிவிட்டது. இப்போது கணக்கு முடிக்கும் வேளையில் பக்கத்துக் கடைக்காரரும் நாமும் ஒருவர்க்கொருவர் துணையாக இருந்து, ஒரே நேரத்தில் கதவடைக்கிறோம். கல்லாவில் இரவில் பெருந்தொகை வைப்பதில்லை. வாசலில் நல்ல விளக்கு, உள்ளே ஒரு கேமரா. இவையெல்லாம் திருடனைக் கட்டாயம் தடுக்கும் என்று சத்தியம் செய்யமாட்டோம். மறுபடியும் வந்து கேட்டால் கல்லாவைக் கொடுத்துவிட்டு உயிரோடு வீடு போவது என்று முடிவு செய்திருக்கிறோம். இது கோழைத்தனம் என்று ஹாஜியார் நினைத்தால், அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொள்கிறோம்.

அண்டை வீட்டாருக்கு நம்மால் பயமும் நேராமல், நமக்கு அவர்கள்மேல் சந்தேகமும் நேராமல், தராசு முள்ளை மட்டும் பார்த்து நிறுக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.